வழி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன்

என் மகள் செய்த விளையாட்டில் ஒரு முட்டுச்சந்து இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்த பிறகும், இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

நான் செய்தது இவ்வளவுதான். மூன்று வாக்கியங்களில் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு வருடமாக இந்த மூன்று வாக்கியங்களை யாரிடமும் சொல்ல முடியவில்லை... உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது.

கெட்டது ஏதாவது நடந்திருந்தால் அன்றைக்கே அழுது ஒப்புக்கொண்டிருப்பேன். நடந்ததோ நல்லது! எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் வாய்க்காத நல்லது! அதனால்தான் வாய் திறக்கவில்லை.

நான் சிவகாசிக்காரி. விஸ்வநத்தம் பக்கம் ஒரு சிறிய பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பெண்ணாக இருந்தாலும் பதவிக்குப் பெயர் அதுதான். வேலை செய்யும் பெண்கள் என்னைப் 'போர்மேனக்கா' என்பார்கள். வேதியியல் பட்டம் வாங்கி, அதற்கென்று உள்ள தேர்வும் எழுதி இந்த வேலைக்கு வந்தவள்.

என் வேலையை ஒரே சொல்லில் சொல்வதென்றால், பயப்படுவது. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? இரும்புக் கரண்டி ஒன்று எப்படியோ உள்ளே வந்துவிட்டால்? ஒருத்தி நைலான் சேலையில் வந்துவிட்டால்? உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொடாமல் நுழைந்துவிட்டால்? எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் பட்ட குறையைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருடங்களில் பார்த்த ஒன்றையும் நான் எழுதாமல் விட்டதில்லை. முதலாளி முகம் சுளித்தபோதும் எழுதியிருக்கிறேன்!

அப்படிப்பட்டவள்தான்...

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மகள் பவித்ரா. ஒரே பிள்ளை. கணினி அறிவியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். எந்நேரமும் மடிக்கணினி. தனியாகச் சிரிப்பாள். ஒருநாள் திரையைப் பார்த்து, "ஏ அதிரசம், உனக்குக் கொழுப்பா?" என்று கத்தினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"யாருடி அது அதிரசம்?"

"எங்க குழுமத்த நடத்துறவரும்மா. கனடாவுல பல் டாக்டரு."

"பல் டாக்டருக்கு அதிரசம்னா பேரு?"

"அங்கன எல்லாருக்கும் தின்பண்டப் பேருதாம்மா வச்சிக்கிடணும். நான் காராச்சேவு."

சாகச விளையாட்டுகளைச் செய்கிறவர்களின் குழுமம் அது. சுடுகிற, வெட்டுகிற விளையாட்டு அல்ல. திரையில் ஒரு படம் இருக்கும். ஓர் அறை, ஒரு தெரு. நீங்கள் அங்கே கிடக்கிற பொருள்களை எடுக்கலாம், ஆள்களோடு பேசலாம். எந்தப் பொருளை எங்கே பயன்படுத்தினால் கதவு திறக்கும், கதை நகரும் என்று யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். குழுமத்தில் யாரும் இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசிரியை, சிங்கப்பூரில் ஒரு லாரி ஓட்டுநர், திருப்பூரில் ஒரு தையல்காரர்... வேலை நேரம் போக உட்கார்ந்து, படம் வரைந்து, வசனம் எழுதி, ஒருவர் செய்ததை மற்றவர் விளையாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முழுக்க முழுக்கத் தமிழில்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்கிறீர்களா? முகம் தெரியாத மனிதர்கள்! என் மகளைக் 'காராச்சேவு தங்கச்சி' என்று கூப்பிடும் மனிதர்கள்! எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வேவு பார்க்க நானும் சேர்ந்தேன்.

சேரும்போது குழுமத்தின் பக்கம் ஒரு பெயர் கேட்டது. எதிரே தட்டில் சாத்தூர் வெள்ளரிக்காய் நறுக்கி வைத்திருந்தேன். 'வெள்ளரி' என்று தட்டினேன். பட்டியலில் இன்னொரு தின்பண்டம் சேர்ந்துகொண்டது.

நான் முற்றுப்புள்ளி, காற்புள்ளி எல்லாம் வைத்து எழுதியதால் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று அவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். 'வெள்ளரி ஐயா' ஆகிவிட்டேன். நான் மறுக்கவில்லை. வசதியாக இருந்தது.

வேவு பார்க்கப் போனவளுக்கு ஒரு மாதத்தில் அது மறந்தே போயிற்று! அதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வெயில் காலத்தில் கம்பெனி விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து, குளித்து, என் பழைய மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தால் நான் போர்மேன் இல்லை, அம்மா இல்லை, யாரோ ஒரு வெள்ளரி. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

அதைவிடப் பெரிய வியப்பு ஒன்று. எனக்கு அந்த வேலை வந்தது! விளையாட்டை வெளியிடுமுன் குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். சோதனையாளர் என்பார்கள். மற்றவர்கள் கதைப்படி விளையாடுவார்கள். நான் அப்படி விளையாட மாட்டேன். குடையை அடுப்பில் வைத்துப் பார்ப்பேன். சாவியைக் கிணற்றில் போட்டுப் பார்ப்பேன். எது எதோடு சேர்ந்தால் என்ன ஆகும்... என் வாழ்க்கை முழுவதும் இதைத்தானே செய்துகொண்டிருந்தேன்! 'வெள்ளரி ஐயா கை வைத்தால் உடையாத விளையாட்டே கிடையாது' என்று அதிரசம் எழுதினார். அன்று நான் சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். என் பயத்தை அதுவரை யாரும் திறமை என்று சொன்னதில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விளையாடுகிறவர் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டு, அதற்குப் பிறகு எப்படி முயன்றாலும் கதையை முடிக்கவே முடியாமல் மாட்டிக்கொண்டால் அதற்கு முட்டுச்சந்து என்று பெயர். அங்கே அது பெரிய பாவம்; அப்படி ஒன்று இருக்கிற விளையாட்டு ஜெயிக்க முடியாது. எனவே சோதனையாளர் கடைசியில் ஒரு வரி எழுதித் தன் பெயரைப் போட வேண்டும். அந்த வரியை யாரும் மாற்றக் கூடாது: 'எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் முட்டிப் பார்த்தேன். வழி இருக்கிறது.'

அந்த வரி இருந்தால்தான் விளையாட்டு போட்டிக்குள் நுழையும். போட்டி ஆண்டுக்கு ஒரு முறை. ஒரு தலைப்புக் கொடுப்பார்கள். ஒரு மாதத்தில் செய்து முடிக்க வேண்டும். சென்ற ஆண்டுத் தலைப்பு, மழை.

பவித்ரா உட்கார்ந்துவிட்டாள். சாப்பாடு மறந்தாள். அந்த ஆண்டு போட்டிக்கு ஒரு தனிக் கவர்ச்சியும் இருந்தது. குழுமத்தின் பழைய ஆள்கள் இருவர் கோயம்புத்தூரில் சிறியதாக ஒரு விளையாட்டு நிறுவனம் தொடங்கியிருந்தார்கள். முதலிடம் பெறுபவரைத் தங்களோடு வேலைக்குச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார்கள்.

நானோ சாத்தூரில் ஒரு பள்ளியில் கணினி ஆசிரியை வேலைக்கு அவளுக்காகச் சொல்லி வைத்திருந்தேன். காலையில் பேருந்தில் போய், மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம்.

"ஜெயிச்சா கோயம்புத்தூரு. தோத்தா சாத்தூரு. ரெண்டுல ஒண்ணு ரிசல்ட்டு அன்னிக்குச் சொல்லிர்றேன்," என்றாள் பவி.

"போகட்டும் புள்ள. நாம என்ன அவள மூட்டையா கட்டி மண்டியிலயா அடுக்கி வைக்கப் போறோம்?" என்றார் என் கணவர். விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டியில் வேலை பார்க்கிறவர். அவருக்கு எல்லாமே மூட்டைக் கணக்குதான்.



பிறகு ஒரு திங்கட்கிழமை, வெள்ளரி ஐயாவுக்குச் செய்தி வந்தது. 'ஐயா, என் விளையாட்டைச் சோதிக்க வேறு யாரிடமும் கேட்க மனமில்லை. நீங்கள் பார்ப்பீர்களா? பயமாக இருக்கிறது. காராச்சேவு.'

அடுத்த அறையில் உட்கார்ந்துதான் அனுப்பினாள். அவள் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது...

விளையாட்டின் பெயர் 'ஒன்பது பேர்'. திறந்தேன். ஒரு பட்டாசுக் கம்பெனி. வரிசையாகச் சிறு அறைகள், வேப்பமரங்கள், மேலே கறுத்து வரும் வானம். நடுவில் ஒரு பெண். பருத்திச் சேலையை இழுத்துச் சொருகி, செருப்பில்லாமல், கழுத்தில் விசிலோடு. பெயர் பேச்சி. அவளைத் தொட்டால் ஒரே வசனம்தான் சொல்வாள்: "எல்லாரும் வெளிய வந்தாச்சா?"

நான் கல்யாண மண்டபத்தில்கூடக் கேட்கிற கேள்வி அது. வீட்டில் என்னைக் கேலி செய்வதற்கென்றே பவி சொல்லிக் காட்டுகிற கேள்வி.

என் மகள் ஒரு மாதம் சாப்பாடு மறந்து வரைந்தது என்னைத்தான்.

கதை எளிமையானது. இடியும் மழையும் வருகின்றன. மின்னல் விழுமுன் அறைகளில் இருக்கும் ஒன்பது பெண்களையும் பேச்சி வெளியே கொண்டுவர வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒரு பிடிவாதம், ஒரு தந்திரம். ஒருத்தி கூலிக் கணக்கு முடியாமல் எழ மாட்டாள். ஒருத்தி தூங்குவாள். கடைசி அறை தொலைவில் இருக்கிறது; மழைச் சத்தத்தில் அங்கிருப்பவளுக்கு விசில் மட்டும்தான் கேட்கும். விசில் ஊதினால் ஒன்பதாமவள் வருவாள், கதை முடியும்.

அழகு... எத்தனை அழகாகச் செய்திருந்தாள்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை நான் விசிலைக் காவலாளியிடம் கொடுத்தேன்.

ஏன் கொடுத்தேன்? எங்கள் கம்பெனியில் இடிச் சத்தம் கேட்கும் நாள்களில் நான் முதலில் செய்வது அதுதான். நான் அறைக்குள் இருந்தால் எனக்கு வானம் தெரியாது. வாசலில் நிற்கும் காவலாளிக்குத் தெரியும். ஆகவே விசில் அவரிடம் இருக்க வேண்டும். பவிக்கு இது தெரியாது. என் கழுத்தில் விசிலைப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அவள் விளையாட்டில் காவலாளி எதைக் கொடுத்தாலும் "வச்சிக்கிடுறேன்க்கா" என்று வாங்கி மடியில் கட்டிக்கொள்வார். மழை தொடங்கியதும் தன் ஆட்டைப் பிடிக்க ஓடிவிடுவார்.

விசில் போய்விட்டது. எட்டுப் பேர் வெளியே. ஒருத்தி உள்ளே. கடைசி அறையைத் தொட்டால், 'அது தொலைவு, இங்கிருந்தே கூப்பிட வேண்டும்' என்று வருகிறது. எதைக்கொண்டு கூப்பிடுவது? ஒன்றுமில்லை. பேச்சி மழையில் சுற்றிச் சுற்றி வந்தாள். முடிவே இல்லை.

முட்டுச்சந்து!

மற்றச் சில்லறைப் பிழைகளையெல்லாம் ஒழுங்காக எழுதினேன். இதை எழுதப் போகும்போது கை நின்றது. நாளைக்கு எழுதலாம் என்று மூடி வைத்தேன்.

மறுநாள் புதன்கிழமை, பகல் பன்னிரண்டு தாண்டியிருக்கும். தரை ஒரு முறை உதறியது. பிறகு சத்தம். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நான் தலைகளை எண்ண ஆரம்பித்தேன். எங்கள் ஆள்கள் எல்லாரும் வெளியே வந்தாயிற்று. வடக்கே புகை. வேறொரு கம்பெனியில் காயவைத்திருந்த சரக்கு வெடித்திருந்தது. நல்ல வேளை, அங்கே எல்லாரும் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

கைப்பேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டுத்தான் நாங்கள் உள்ளே போவோம். வெளியே வந்து பார்த்தால் பவியிடமிருந்து பதினான்கு அழைப்புகள்.

"ம்மா... நீதானா? நீதான் பேசுறியா?"

"நான்தான்டி. நமக்கு ஒண்ணுமில்ல."

"இன்னொரு தடவ பேசு. ஏதாச்சும் பேசு."

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அவள் தலையைத் தடவிக்கொண்டே நான் நினைத்தேன்: இவள் போய்விட்டால் வீட்டுக்கு வந்து நான் யாரை எண்ணுவேன்?

அன்று மாலை வெள்ளரி அந்த வரியை எழுதினார். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் முட்டிப் பார்த்தேன். வழி இருக்கிறது.

அந்தச் சத்தத்தால்தான் அப்படிச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. பல மாதம் அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால், செவ்வாய்க்கிழமை எந்தச் சத்தம் கேட்டது? செவ்வாய்க்கிழமை ஏன் மூடி வைத்தேன்? பதில் இருக்கிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் தோற்க வேண்டும் என்று நான் விரும்பினேன். சாத்தூர் போதும் என்று விரும்பினேன்.

விளையாட்டுகள் வெளியாயின. 'ஒன்பது பேர்' பற்றி முதல் இரண்டு நாள் ஒரே புகழ்ச்சி. நான் நினைத்தேன், இதை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. என்னைப்போல் கோணல் புத்தி யாருக்கு இருக்கும்? தோற்கவும் மாட்டாள், பிடிபடவும் மாட்டேன். ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் யாழ்ப்பாணத்து ஆசிரியை எழுதினார். அவர் பெயர் பனங்கிழங்கு.

'காராச்சேவுத் தங்கச்சி, எங்கட பள்ளிக்கூடத்தில விசில் வாசல்காரரிட்டத்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில நானும் குடுத்திட்டன். இப்ப எட்டுப் பேர் வெளியில, ஒருத்தி உள்ளுக்க. ஒரு மணித்தியாலமா மழைக்குள்ள சுத்திக்கொண்டு நிக்கிறன். வழி இல்லையே?'

விதிப்படி இரண்டு நாள் அவகாசம். அதற்குள் திருத்தாவிட்டால் போட்டியிலிருந்து நீக்கம். திருத்தினால் நடுவர்கள் மறுபடி விளையாடுவார்கள்.

கூடவே அதிரசம் கேட்டார்: 'வெள்ளரி ஐயா, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே. நீங்களா இதைத் தவறவிட்டீர்கள்?'

நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'வயதாகிவிட்டது. கவனிக்கவில்லை. மன்னிக்கவும்.'

இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது!

பவி உடனே பாய்ந்து வந்தாள். 'ஐயாவை யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது. ஓட்டை வைத்தது நான். அவர் பெரியவர்.' அதை நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் அவள் அழுகிற சத்தம் கேட்டது. வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற மாதிரி...

காப்பி போட்டு எடுத்துக்கொண்டு போனேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் தாள்கள்.

"என்னடி ஆச்சு?" என்றேன். என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாதா!

"விசில் போயிருச்சும்மா. திருப்பிக் கொண்டாந்து குடுத்துறலாம், அஞ்சு நிமிச வேலதான். ஆனா பொய்யா இருக்கும். போன விசில் எப்படித் திரும்பி வரும்? ஆட்டப் பிடிக்கப் போனவரு திரும்பி வரவா போறாரு?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ம்மா. நெசத்துக்கே கேக்குறேன். உன் கையில விசில் இல்ல, ஒண்ணுமே இல்ல. ஒருத்தி உள்ள இருக்கா. நீ என்ன செய்வ?"

அந்த ஒரு நொடியை நான் உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். 'எனக்கென்னடி தெரியும் உன் விளையாட்டப் பத்தி' என்று எழுந்து போயிருந்தால் போதும். எல்லாம் நான் நினைத்தபடி முடிந்திருக்கும்.

"போயிக் கூப்பிடுவேன்," என்றேன்.

"எதை வச்சு?"

"பேரச் சொல்லித்தான். வாசல்ல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுவேன். ஆளு யாருன்னு தெரியாம போர்மேன் வேல பார்க்க முடியுமா?"

யோசித்துச் சொல்லவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது. நல்ல மனதோடு சொன்னேன் என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

பவி எழுந்து நின்றாள். காப்பி தாள்கள் மேல் கொட்டியது. அவள் கவனிக்கவே இல்லை.

"ம்மா! பேரு! அம்புட்டுப் பேருகிட்டயும் பேசியிருந்தாத்தான பேரு தெரியும்!"

இரண்டு நாளில் முடித்தாள். புதிய முடிவு இதுதான்: விசில் இல்லாவிட்டால் கடைசி அறைக்குப் போகும் பாதை திறக்கும். பேச்சி மழையில் நடப்பாள். வாசலில் நிற்பாள். திரையில் ஒன்பது பெயர்கள் வரும், எங்கள் கம்பெனிப் பெண்களின் பெயர்கள். உள்ளே இருப்பவள் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தப்பான பெயரைச் சொன்னால் பின்னாலிருந்து, "நான் இங்கனதான இருக்கேன்! என்னய மறந்துட்டீகளா?" என்று ஒரு குரல் சண்டைக்கு வரும். சரியான பெயரைச் சொன்னால் இருட்டிலிருந்து ஒருத்தி மெல்ல வெளியே வருவாள். "கூப்பிட்டீகளாக்கா?" என்பாள்.

அவ்வளவுதான். ஆனால் அந்த மனிதர்கள் அதை விளையாடிவிட்டு எழுதியதைப் படிக்க வேண்டுமே! சிங்கப்பூர் லாரி ஓட்டுநர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுததாக எழுதினார். நன்றாக ஆடி முடித்தவர்கள்கூட மறுபடி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்து, விசிலை வேண்டுமென்றே காவலாளியிடம் கொடுத்தார்கள்! பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காக!

ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவு சொன்னார்கள். எல்லாரும் குழுமத்தின் குரல் அழைப்பில் கூடியிருந்தார்கள். பவி ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்திருந்தாள். "முதலிடம்... காராச்சேவு!" என்று அதிரசம் கத்தியதும் பல நாட்டுக் குரல்கள் ஒரே நேரத்தில் எங்கள் முன்னறைக்குள் கூச்சல் போட்டன. பவி என்னைத் தூக்கிச் சுற்றினாள். என்னை! நான் ஒன்றும் லேசானவள் இல்லை.

"என்ன புள்ள, மக ஜெயிச்சிருக்கா, நீ எழவு வீட்டுல இருக்க மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?" என்றார் அவர்.

"சந்தோசத்துல," என்றேன். அது பொய்யில்லை! கேளுங்கள், அது பொய்யே இல்லை. என் மகள் ஜெயித்தபோது என் உடம்பெல்லாம் ஜெயித்தது. அதே உடம்புதான் அவளைத் தோற்கடிக்கப் பார்த்தது.

கம்பெனிப் பெண்கள் வேலை முடிந்து வாசலில் கைப்பேசிகளை வாங்கியதும் மாரியம்மாளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவள் கைப்பேசியில்தான் விளையாட்டு ஓடிற்று.

"ஏத்தா, இங்கன பாருங்க! போர்மேனக்கா சேலையச் சொருகிட்டு ஓடுறாக!"

"அக்கா, நெசமாச் சொல்லுங்க, நீங்க எப்ப இம்புட்டு ஒல்லியா இருந்தீக?"

"தூங்குறவ நான்தான? பவித்ராகிட்டச் சொல்லுங்க, நான் சம்பளத்துக்குத்தான் தூங்குறேன், சும்மா தூங்கல!"

சிரித்துச் சிரித்து மாரியம்மாளுக்குப் புரையேறியது. தங்களை யாரோ படமாகப் போட்டு, உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதை அவர்களால் நம்ப முடியவில்லை. நான் நடுவில் நின்றேன். மாரியம்மாள் என் கையைப் பிடித்து, "ஒங்க வளர்ப்புக்கா," என்றாள்.

என் வளர்ப்பு!

பவி கோயம்புத்தூர் போனாள். வாரம் ஒருமுறை பேசும்போது குரலே வேறு மாதிரி இருக்கிறது, அகலமாக. அவள் செய்வதை இப்போது பெரியவர்கள் கவனிக்கிறார்கள். ஒரு பேட்டியில், அந்த முடிவு எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். சொன்னாள்: "ரெண்டு பேருக்கு நன்றி சொல்லணும். ஒண்ணு எங்கம்மா. இன்னொண்ணு வெள்ளரி ஐயா. அவரு அதக் கவனிக்காம விட்டதாலதான் எனக்கு இந்த முடிவே கெடச்சுது."

அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

என் குற்றம் நல்லதில் முடிந்தது, ஆகவே குற்றமில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். நானும் அப்படி வாதாடிப் பார்த்தேன். ஆனால் போர்மேனாக யோசித்துப் பாருங்கள். ஒருவர் அறையில் குறையைப் பார்த்தும் எழுதாமல் விடுகிறார். அன்று ஒன்றும் வெடிக்கவில்லை. அதற்காக அந்தக் கையெழுத்து நல்ல கையெழுத்தாகிவிடுமா? என்னிடம் அப்படி ஒருத்தி வந்து நின்றால் நான் அவளை வேலையில் வைத்திருக்க மாட்டேன்.

சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம். பவி கோபப்படுவாள், அழுவாள், ஒருநாள் மன்னித்தும் விடுவாள். என்னைத் தடுப்பது அது இல்லை. அம்மாவை மன்னித்துவிடலாம், வெள்ளரி ஐயா என்று ஒருவர் இல்லவே இல்லை என்று தெரிந்தால்? பயந்தபோதெல்லாம் அவள் போய் நின்ற இடம் அது. அதை நான் எப்படி இடிப்பேன்?... இதுவும் ஒரு சாக்குத்தானா? தெரியவில்லை. உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

பல மாதம் வெள்ளரி குழுமத்தின் பக்கமே போகவில்லை. பவி மட்டும் எழுதிக்கொண்டே இருந்தாள். 'ஐயா, நலமா?' 'ஐயா, உடம்புக்கு ஏதும் இல்லையே?' போன வாரம் எழுதினாள்: 'அடுத்த விளையாட்டு தயார். நிறுவனத்தில் சோதிக்க ஆள்கள் இருக்கிறார்கள். ஆனாலும் உங்களிடம் காட்டாமல் வெளியிட மாட்டேன். உங்கள் கண் தவறினால் தவறட்டும்.'

எடுத்துக்கொண்டேன். ஐந்து மதியங்கள் உட்கார்ந்தேன். ஒரு மூலை விடாமல், ஒரு பொருள் விடாமல் முட்டிப் பார்த்தேன். பதினோரு பிழைகள் கிடைத்தன. பதினொன்றையும் எழுதி அனுப்பினேன்.

சிறிது நேரத்தில் பதில் வந்தது. 'இவ்வளவுதானா ஐயா? என்னிடம் சொல்லாமல் வேறு எதுவும் வைத்திருக்கவில்லையே?'

விளையாட்டுக்குத்தான் கேட்டாள்.  எழுத ஆரம்பித்தேன், அழித்தேன். மறுபடி ஆரம்பித்தேன்.

அதற்குள் கைப்பேசி அடித்தது. பவி.

"ம்மா! வெள்ளரி ஐயா வந்துட்டாரும்மா! நல்லாத்தான் இருக்காரு! பதினோரு ஓட்டை கண்டுபிடிச்சிருக்காரு, பதினொண்ணு! இங்கன ஒருத்தர் கண்ணுலயும் படாதது!"

"அப்படியா!" என்றேன். வியப்பு போதுமா என்று பார்த்து, இன்னும் கொஞ்சம் கூட்டி, "அடேயப்பா!" என்றேன்.

"எம்புட்டு நாள் பயந்துட்டேன் தெரியுமா? செத்துக்கித்துப் போயிட்டாரோன்னு. ஒரு வார்த்த சொல்லிட்டு இருந்திருக்கலாம்ல, மனுசன்?"

"சொல்லியிருக்கலாம்," என்றேன்.